இரும்புப் பவுடர்ல இருந்து கெட்டியான ஸ்டீல் பார்ட் செய்றது எப்படி: உப்புக்காத்து ஊர்க்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல் 15 தடைக்காலம் ஆரம்பிச்சா பாம்பன், மண்டபம் பக்கம் எல்லா விசைப்படகும் கரையேறிடும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இஞ்சின் வேலைதான் நடக்கும். அப்படி ஒரு தடைக்காலத்துல எங்க சித்தப்பா படகு இஞ்சினோட ஆயில் பம்புக்கு ஸ்பேரா வாங்கி வச்சிருந்த சின்ன கியர் ஒண்ணை எடுத்துட்டு வந்தாரு. "ஏம்ப்பா, மாட்டவே இல்ல, கவர்லயே இருந்துச்சு, அதுக்குள்ள இப்படி வேர்த்துப்போயிருக்கு பாரு"ன்னு காட்டுனாரு. மேலெல்லாம் பொட்டுப்பொட்டா காவி நிறத்துல துரு, துணி வச்சுத் துடைச்சா போகுது, ரெண்டு நாள்ல உள்ள இருந்து திரும்ப வருது. நான் பவுடர் மெட்டல் கம்பெனியில பதினோரு வருஷம் பிரஸ் செட்டிங் பாத்தவன், பாத்ததுமே புரிஞ்சுது. எடை போட்டு அடர்த்தி பாத்தேன், ஒரு சிசிக்கு 6.4 கிராம்தான் வந்துச்சு. இரும்பு முழுசா கெட்டியா இருந்தா 7.87 வரணும். அதாவது அந்த கியர்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு வெறும் ஓட்டை.

அதனாலதான் இதை எழுதுறேன். நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேரு ஐடிஐ, பாலிடெக்னிக் முடிச்சிட்டு ஓசூர், கோயம்புத்தூர்னு போறாங்க, சில பேரு ஊர்லயே சின்னதா பிரஸ் போட்டு பார்ட் அடிக்கலாமான்னு கேக்குறாங்க, அவங்களுக்கு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே இடத்துல இருக்கட்டும்.

முதல்ல ஓட்டையைப் புரிஞ்சுக்கங்க

பவுடரை அமுக்கி, சூடு பண்ணி ஒட்ட வைக்கிறதுதான் மொத்த வேலையும். ஆனா எவ்வளவு அமுக்குனாலும் துகளுக்கும் துகளுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். அந்த இடம் ரெண்டு வகை. ஒண்ணு, ஒண்ணோட ஒண்ணு சேந்து வெளிப்பக்கம் வரைக்கும் வழி இருக்குற ஓட்டை, கடல்பஞ்சு (ஸ்பாஞ்ச்) மாதிரி. இன்னொண்ணு, நாலாபக்கமும் மூடி தனியா நிக்கிற ஓட்டை. அடர்த்தி 7.0க்கு கீழ பெரும்பாலும் முதல் வகைதான், 7.2, 7.3ஐத் தாண்டப் போகும்போதுதான் வழி அடைபட ஆரம்பிக்குது, 7.4க்கு மேல பெரும்பாலும் மூடிடும்.

கடலைவிட்டுத் தள்ளி இருக்குற ஊர்க்காரங்களுக்கு அடர்த்தின்னா பலம். அதுவும் உண்மைதான், 2 சதவீதம் தாமிரமும் 0.8 சதவீதம் கார்பனும் போட்ட சாதாரண ஸ்டீல் 6.3ல சுமாரா 340 மெகாபாஸ்கல் இழுவை தாங்கும், அதே கலவை 7.2ல சுமாரா 520 தாங்கும். ஆனா நமக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஓட்டைக்கு வழி இருந்துச்சுன்னா உப்பு ஈரம் உள்ள போயி உக்காந்துக்கும், அப்புறம் நீங்க வெளிய என்ன பெயின்ட் அடிச்சாலும் துரு உள்ள இருந்துதான் வரும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) தன்னோட அரிப்பு ஆய்வு நிலையத்தை மண்டபத்துல கொண்டுவந்து வச்சிருக்குன்னா இங்க காத்து இரும்பை எப்படித் தின்னும்னு யோசிச்சுக்கங்க. அதனால நம்ம ஊருக்கு பார்ட் அடிக்கிறவங்க 7.2க்கு கீழ கியர் அடிக்கவே கூடாதுங்கிறது என் முடிவு. எண்ணெய் ஊறவைக்கிற புஷ் மட்டும் விதிவிலக்கு, அதுக்கு ஓட்டை வேணும்.

இன்னொண்ணையும் இப்பவே மனசுல போட்டுக்கங்க: இந்த வகை பார்ட்ல அடர்த்தி முடிவாகுறது பர்னஸ்ல இல்ல. கலவையிலயும் பிரஸ்லயும்தான். பர்னஸ்ல போட்டு எடுத்தா 0.05 கூடும், சில கலவையில குறையக்கூட செய்யும்.

பவுடர் வாங்குறது

லேத்துல விழுற இரும்புச் சீவலை அரைச்சுப் போடலாமான்னு ஒரு தம்பி கேட்டான். வேண்டாம்ப்பா, அது ஏற்கனவே முறுகி இறுகிப்போன இரும்பு, அமுங்காது, எண்ணெயும் துருவும் கலந்திருக்கும். கட்டமைப்பு பார்ட்டுக்கு வாட்டர் அட்டமைஸ்டு பவுடர் வாங்குங்க, உருக்குன இரும்பு ஊத்துற தாரையை அழுத்தமான தண்ணிப் பீச்சல்ல உடைச்சு செய்றது. ஸ்பாஞ்ச் அயர்ன் பவுடர்னு ஒண்ணு வரும், தாதுவை உருக்காமலே கரி வச்சு ஒடுக்கி எடுக்குறது, துகள் உள்ளயே நுரை மாதிரி இருக்கும், அமுக்குன பீஸ் உடையாம நல்லா நிக்கும் ஆனா அடர்த்தி ஏறாது. சும்மா கொட்டி நிரப்புனா ஸ்பாஞ்ச் பவுடர் சிசிக்கு 2.4, 2.5 கிராம் நிக்கும், அட்டமைஸ்டு 3.0 கிட்ட நிக்கும். துகள் சைஸ் 200 மைக்ரானுக்கு உள்ள, பாதிக்கு மேல 45ல இருந்து 150 மைக்ரான். லாட் சர்டிபிகேட்ல ஆக்சிஜன் 0.15 சதவீதத்துக்குள்ள, கார்பன் 0.01க்குள்ள இருக்கான்னு பாருங்க.

கியருக்கு நான் போடுறது 0.85 சதவீதம் மாலிப்டினம் ஏற்கனவே கலந்த பவுடர். மாலிப்டினம் துகளை அதிகம் இறுக்காது, அதனால அமுக்க சுலபம், ஆனா ஹார்டனிங் (சூடாக்கி சட்டுன்னு குளிரவச்சு இறுக்குறது) நல்லா பிடிக்கும். தாமிரம் வேண்டாமான்னு கேட்டா, தாமிரம் 1085 டிகிரியில உருகி இரும்புத் துகளுக்கு நடுவுல பூந்து பார்ட்டை கொஞ்சம் வீங்க வைக்கும், பலம் தரும் ஆனா அடர்த்தியைக் குறைக்கும். நிக்கல் அதுக்கு எதிர்ப்பக்கம், லேசா சுருக்கும். நமக்கு நிக்கல்தான் சரி.

பவுடரை வைக்கிற விஷயம் நம்ம ஊர்ல தனிப் பாடம். வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல மூடி திறந்த டிரம்மை ஒரு ராத்திரி விட்டா காலையில பவுடர் ஓடாது, கட்டிகட்டியா நிக்கும். அதனால கோணியில கொட்டி வைக்காதீங்க, உள்ள பாலித்தீன் பையோட டிரம், சிலிக்கா ஜெல் பொட்டலம், தரையில இருந்து பலகை மேல. ஏசி ரூம்ல வச்சிருந்தா வெளிய எடுத்ததும் திறக்காதீங்க, குளிர்ந்த டிரம்முல காத்துப்பட்டா சோடா பாட்டில் மாதிரி வேர்க்கும், அந்த ஈரம் பவுடருக்குப் போகும். நாலஞ்சு மணி நேரம் விட்டு வெளிச்சூடு வந்ததும் திறங்க. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சா ஹாப்பர்ல (பிரஸ்ஸுக்கு பவுடர் இறங்குற தொட்டி) பவுடரை விட்டுட்டுப் போகாதீங்க. தினமும் காலையில ஹால் புனல் டெஸ்ட் பண்ணுங்க: அடியில 2.5 மில்லி ஓட்டை இருக்குற புனல்ல 50 கிராம் பவுடர், எத்தனை செகண்ட்ல இறங்குதுன்னு பாக்குறது. பவுடருக்குத் தகுந்த மாதிரி 25ல இருந்து 30 செகண்ட் வரும், நேத்து 27 வந்தது இன்னைக்கு 34ன்னா ஈரம் ஏறியிருக்கு, அன்னைக்கு அடிக்கிற பீஸ் எடை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வரும்.

கலவை: இங்கதான் இடத்துக்கு சண்டை

பவுடரோட கிராபைட் (கார்பனுக்காக), நிக்கல், அப்புறம் லூப்ரிகன்ட் சேக்கணும். லூப்ரிகன்ட் இல்லாம அமுக்குனா டை (பவுடரை அமுக்குற அச்சு) சுவத்துல பவுடர் ஒட்டி பீஸை வெளிய தள்ளவே முடியாது, டை கீறிடும். ஆனா நிறைய பேரு கவனிக்காத விஷயம், லூப்ரிகன்ட் எடையில கொஞ்சம்தான், இடத்துல ரொம்ப.

கணக்கு போட்டுப் பாப்போம். 100 கிராம் கலவையில பவுடர் 96.7, நிக்கல் 2, கிராபைட் 0.6, லூப்ரிகன்ட்டா அமைட் வேக்ஸ் 0.7. ஒவ்வொண்ணையும் அதோட அடர்த்தியால வகுங்க: 96.7ஐ 7.87ஆல வகுத்தா 12.29 சிசி, நிக்கல் 2ஐ 8.9ஆல வகுத்தா 0.22, கிராபைட் 0.6ஐ 2.25ஆல வகுத்தா 0.27, வேக்ஸ் அடர்த்தி 1ங்கிறதால 0.70. கூட்டுனா 13.48 சிசி. 100ஐ 13.48ஆல வகுத்தா 7.42. ஒரு ஓட்டைகூட இல்லாம அமுக்குனாலும் இந்தக் கலவை 7.42க்கு மேல போகவே போகாது, ஏன்னா எடையில 0.7 சதவீதம் இருக்குற வேக்ஸ் இடத்துல 5 சதவீதத்தைப் பிடிச்சுக்கிச்சு. நடைமுறையில அந்த எல்லையில 98 சதவீதம் வரைக்கும்தான் போக முடியும், அதாவது 7.27. அதுக்கு மேல அழுத்துனா வேக்ஸ் நசுங்கி போக இடமில்லாம பீஸ் படலம் படலமா பிளக்கும்.

இப்ப அதே வேக்ஸை 0.3ஆ குறைச்சா? மொத்தம் 13.13 சிசி, எல்லை 7.62, அதுல 98 சதவீதம் 7.46. பாருங்க, அழுத்தத்தை கூட்டாமலே 0.19 இடம் கிடைச்சுது. இந்தக் கணக்கை எனக்கு ஒரு பழைய ஃபோர்மேன் சாக்பீஸ்ல தரையில போட்டுக் காட்டுனாரு, அதுக்கு முன்னாடி மூணு வருஷம் டன்னேஜைக் கூட்டிக்கூட்டி பஞ்ச் (டைக்குள்ள போயி பவுடரை அமுக்குற தண்டு) உடைச்சிட்டிருந்தாங்க அந்த கம்பெனியில. ஆனா 0.3 போட்டா டை சுவத்துக்கு வழவழப்பு பத்தாது, அதுக்கு நல்ல கார்பைடு டை, கண்ணாடி மாதிரி பாலிஷ், உயரம் குறைஞ்ச பீஸ், இல்லன்னா டை சுவத்துல தனியா ஸ்ப்ரே. இதெல்லாம் இல்லாதவங்க 0.6ல நில்லுங்க.

கலக்குறதுக்கு டபுள் கோன் மிக்சர், 20ல இருந்து 30 நிமிஷம். ரொம்ப நேரம் சுத்துனா கிராபைட் திரும்பப் பிரிஞ்சு மேல வந்துடும். நிக்கல் பவுடர் மூச்சுல போகக் கூடாது, அது புற்றுநோய் தரலாம்னு சந்தேகப்படுற பொருள், துணி கட்டிக்கிட்டா போதாது, சரியான டஸ்ட் மாஸ்க் போடுங்க. ஜிங்க் ஸ்டியரேட் (அதுவும் ஒரு லூப்ரிகன்ட்), வேக்ஸ் தூசி காத்துல பறக்குறப்ப தீப்பொறி பட்டா வெடிக்கும், மிக்சர் பக்கத்துல கிரைண்டிங் வெல்டிங் கூடவே கூடாது.

பிரஸ்

வெளி விட்டம் 40 மில்லி, உள் ஓட்டை 15 மில்லி, உயரம் 12 மில்லி உள்ள ஒரு பீஸ்னு வைங்க. பரப்பு 10.8 சதுர சென்டிமீட்டர். 600 மெகாபாஸ்கல்னா சதுர சென்டிமீட்டருக்கு ஆறு டன்னுக்கு கொஞ்சம் மேல, அப்ப 66 டன். 700க்கு போனா 77 டன். இதுக்கு 100 டன் பிரஸ் எடுங்க, 80 எடுத்து முழு சுமையில ஓட்டாதீங்க. 7.2 அடர்த்தியில பீஸ் எடை 93 கிராம். நிரப்புற ஆழம்: 12ஐ 7.2ஆல பெருக்கி பவுடரோட கொட்டு அடர்த்தி 3.0ஆல வகுங்க, 28.8 மில்லி. டை உயரம் இதுக்கு இடம் கொடுக்கணும்.

மேல இருந்து மட்டும் அமுக்குனா மேல் பக்கம் இறுகும், கீழ தளர்ந்து நிக்கும், சுவத்து உரசல் அழுத்தத்தைத் தின்னுடும். படியில அரிசியை மேல மட்டும் அழுத்திப் பாத்திருப்பீங்கள்ல, அடியில அரிசி அப்படியே தளர்வா இருக்கும், அதேதான். அதனால கீழ் பஞ்சும் சேந்து தள்ளணும், இல்ல டை மிதந்து இறங்கணும். அப்பவும் நடுவுல ஒரு தளர்ந்த வளையம் இருக்கும், அதை கியர் பல்லு அதிகம் தேயாத இடத்துக்கு தள்ளிவிடுறதுதான் செட்டிங் பாக்குறவன் கெட்டிக்காரத்தனம். உயரம் விட்டத்தைப்போல மூணு மடங்குக்கு மேல போற பார்ட்டை இந்த முறையில எடுக்காதீங்க. பஞ்சுக்கும் டைக்கும் நடுவுல 10ல இருந்து 20 மைக்ரான் இடைவெளி, அதுக்கு மேல விட்டா பவுடர் பூந்து பர் (விளிம்புல பிசிறு) அடிக்கும்.

அமுக்கி முடிச்சு வெளிய தள்ளும்போது பீஸ் 0.1ல இருந்து 0.3 சதவீதம் விரியும். பாதி வெளிய, பாதி உள்ளன்னு நிக்கிற அந்த நேரத்துலதான் வெடிப்பு விழும், கண்ணுக்குத் தெரியாது, பர்னஸ்ல ஒட்டவும் ஒட்டாது. அதுக்கு டை வாய்ல லேசா சரிவு, வெளிய தள்ளும்போது மேல் பஞ்ச் கொஞ்சம் அழுத்திக்கிட்டே வரணும். முதல் பத்து பீஸ்ல ஒவ்வொண்ணையும் மண்ணெண்ணெய்ல நனைச்சு துடைச்சு பாருங்க, வெடிப்பு இருந்தா கோடு ஈரமா நிக்கும்.

அமுக்கி இன்னும் பர்னஸ்ல போடாத பீஸைப் பச்சைப் பீஸ்னு சொல்வோம், அதோட பலம் சாக்பீஸ் அளவுதான். ஒரு தடவை பர்னஸ் நம்ம பக்கம் இல்லைன்னு பச்சைப் பீஸ் 400ஐ அட்டைப்பெட்டியில அடுக்கி கோயம்புத்தூருக்கு பஸ்ல அனுப்புனேன், பல்லு முனை எல்லாம் உதிர்ந்து பெட்டி அடியில பவுடரா கிடந்துச்சு, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா குழி வெட்டுன ஃபோம் தட்டுல வச்சு கார்ல கொண்டுபோனேன். முடிஞ்சா பிரஸ்ஸும் பர்னஸும் ஒரே கூரைக்குள்ள இருக்கட்டும், பச்சைப் பீஸை உப்புக்காத்துல ரெண்டு நாள் வச்சாலும் துரு பிடிக்கும்.

பர்னஸ்

பெல்ட் பர்னஸ்ல மூணு பகுதி. முதல்ல 550, 650 டிகிரி, வேக்ஸ் எரிஞ்சு போற இடம். அவசரப்பட்டு சூடு ஏத்துனா பீஸ் மேல கருப்பு கரி படியும், சில சமயம் கொப்புளம் வரும். அப்புறம் 1120 டிகிரி, 20ல இருந்து 30 நிமிஷம், துகள் துகளோட கழுத்துப் பிடிச்சு ஒட்டுறது (இதைத்தான் சின்டர்ங்கிறோம்) இங்கதான், இரும்பு உருகாது. அப்புறம் குளிர்ற பகுதி.

காத்து பட்டா எல்லாம் போச்சு, அதனால நைட்ரஜன் 90, ஹைட்ரஜன் 10. கேஸோட ட்யூ பாயின்ட் (அதுல இருக்குற ஈரம் பனியா படிய ஆரம்பிக்கிற சூடு) மைனஸ் 40 டிகிரியோ அதுக்குக் கீழயோ இருக்கணும். நம்ம ஊர்ல பைப் ஜாயின்ட்ல மயிரிழை கசிவு இருந்தாக்கூட ஈரம் உள்ள இழுக்கும், பீஸ் நீலம் பாஞ்சு வெளிய வந்தா முதல்ல குளிர்ற பக்கத்து திரையையும் ஜாயின்டையும் பாருங்க. ஹைட்ரஜனை எப்பவும் பர்னஸ் 760 டிகிரிக்கு மேல ஏறுன பிறகுதான் விடணும், அதுவும் நைட்ரஜன் விட்டு உள்ள இருக்குற காத்தை வெளிய துரத்துன பிறகு. நிறுத்தும்போதும் அதே வரிசையை திருப்பி. இதுல "இன்னைக்கு ஒரு நாள்தானே"ன்னு நினைச்சா உயிர் போகும்.

7.2 பத்தலைன்னா

நாலு வழி சொல்றேன், நமக்கு ஒத்து வர்றதை மட்டும் விரிவா.

ரெட்டைப் பிரஸ், ரெட்டை சின்டர். சின்ன பட்டறைக்கு இதுதான் என் தேர்வு. முதல்ல 600 மெகாபாஸ்கல்ல அமுக்கி, 800 டிகிரி கிட்ட அரைச்சூடு. இதுல மூணு நல்லது நடக்குது: இடத்தைப் பிடிச்சிட்டிருந்த வேக்ஸ் எரிஞ்சு போயிடுது, அமுக்கி அமுக்கி முறுகிப்போன இரும்பு திரும்ப மெத்துன்னு ஆகுது, கிராபைட் இன்னும் இரும்புக்குள்ள கரையாததால ஸ்டீல் கெட்டியாகல. சூட்டை 900க்கு விட்டுட்டா கார்பன் கரைஞ்சிடும், அப்புறம் ரெண்டாவது பிரஸ் வீண். குளிர்ந்ததும் மேல லேசா லூப்ரிகன்ட் தடவி 700ல திரும்ப அமுக்குங்க, 7.4, 7.5 வரும். அப்புறம் 1120ல முழு சின்டர். கிடைச்சா 1250 டிகிரி பர்னஸ், அங்க ஓட்டையெல்லாம் உருண்டையாகி மூலை மழுங்கிடும், சோர்வு முறிவு (திரும்பத் திரும்ப பாரம் ஏறி முறியறது) தள்ளிப்போகும். வேலை ரெண்டு மடங்கு, செலவும் கூட, ஆனா ஓட்டைக்கு வெளி வழி அடைஞ்சிடும்.

வார்ம் காம்பாக்ஷன்: பவுடரையும் டையையும் 130, 150 டிகிரிக்கு சூடாக்கி அதுக்குன்னே வர்ற லூப்ரிகன்ட்டோட அமுக்குறது, 0.1ல இருந்து 0.2 வரைக்கும் கூடுதல் கிடைக்கும். சூடு அஞ்சு டிகிரிகூட அலையக் கூடாது, கருவி விலை அதிகம்.

தாமிரம் ஊட்டுறது: பீஸ் மேல தாமிர வில்லை வச்சு பர்னஸ்ல விட்டா உருகி விளக்குத்திரி எண்ணெய் இழுக்குற மாதிரி ஓட்டைக்குள்ள ஏறும். அடர்த்தி எண் அழகா வரும். ஆனா கடல் தண்ணி படுற இடத்துக்கு நான் சொல்லவே மாட்டேன், தாமிரமும் இரும்பும் உப்புத் தண்ணியில சேந்து நின்னா இரும்பு இன்னும் வேகமா அரிக்கும்.

முழு கெட்டி வேணும்னா பவுடர் ஃபோர்ஜிங், சின்டர் பண்ண பீஸை 1000 டிகிரிக்கு மேல சூடா வச்சு மூடுன டைல அடிக்கிறது, 7.8ஐத் தாண்டும். கார் கனெக்டிங் ராடு இப்படி வருது. லட்சக்கணக்குல அடிக்கிறவங்களுக்கு.

அடர்த்தி அளக்குறது

ஓட்டை உள்ள பீஸை நேரா தண்ணியில போட்டா தண்ணி உள்ள ஏறி எண் பொய்யா அதிகம் காட்டும். முதல்ல காஞ்ச எடை எடுங்க. அப்புறம் வெற்றிடத்துல எண்ணெய் ஊற வச்சு மேல துடைச்சு எடை எடுங்க. அப்புறம் அதே பீஸை மெல்லிசு கம்பியில தொங்கவிட்டு தண்ணிக்குள்ள எடை. காஞ்ச எடையை தண்ணியோட அடர்த்தியால பெருக்கி, ரெண்டாவது எடையில மூணாவதைக் கழிச்சு வர்றதால வகுங்க. தண்ணி அடர்த்தி 1ன்னு போடாதீங்க, நம்ம ஊர்ல தண்ணி 30 டிகிரியில நிக்கும், 0.9957 போடணும். 7.3க்கும் 7.27க்கும் நடுவுல அந்த வித்தியாசம் பாதி சண்டையை முடிச்சு வைக்கும். எண்ணெய் எவ்வளவு குடிச்சுதுங்கிறதையும் எழுதி வைங்க, அதுதான் வெளி வழி எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்லும், நமக்கு அடர்த்தியைவிட அது முக்கியம்.

ஹார்டனிங்கும் கடைசி வேலையும்

உப்புக் குளியல்ல ஹார்டன் பண்ணாதீங்க, உப்பு ஓட்டையில தங்கும். எண்ணெய்ல குவென்ச் (சட்டுன்னு குளிரவைக்கிறது), இல்ல இன்டக்ஷன் (மின்காயில்ல சூடாக்குறது). கேஸ் கார்புரைசிங் (கேஸ் மூலமா மேல்தோல்ல கார்பன் ஏத்துறது) பண்றதுன்னா 7.2க்கு மேல இருந்தாத்தான் கார்பன் தோல் அளவுல நிக்கும், அதுக்கு கீழ ஓட்டை வழியா நடு வரைக்கும் ஓடி பல்லு கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஹார்டன் பண்ணாத பார்ட்டுக்கு ஸ்டீம் ட்ரீட்மென்ட் ரொம்ப நல்லது, 540 டிகிரி கிட்ட நீராவியில வச்சா ஓட்டை வாய்ல கருப்பு மேக்னடைட் வளர்ந்து அடைச்சுக்கும். ஹார்டன் பண்ணதுல செய்யாதீங்க, அந்த சூட்டுல இறுக்கம் போயிடும். முலாம் போடணும்னா முதல்ல ரெசின் ஏத்தி ஓட்டையை மூடுங்க, இல்லன்னா முலாம் ஆசிட் உள்ள தங்கி சித்தப்பா கியர் மாதிரியே வேர்க்கும்.

மெஷினிங் பண்ணா தண்ணி கூலன்ட் வேண்டாம், காய்ஞ்சோ எண்ணெய்லயோ வெட்டுங்க. முடிச்சதும் வெறும் கையால தொடாதீங்க, வேர்வையிலயும் உப்புதான். அன்னைக்கே துருத்தடுப்பு எண்ணெய்ல முக்கி, எடுத்து வடிய விட்டு, விசிஐ தாள்ல (துருத்தடுப்பு ஆவி விடுற தாள்) ஒவ்வொண்ணா சுத்தி, பையை சூட்டுல ஒட்டி, மேல லாட் நம்பர், தேதி, அடர்த்தி மூணையும் எழுதிடுங்க. சித்தப்பாவுக்கு செஞ்சு கொடுத்த கியர் பையில 7.43ன்னு எழுதியிருக்கு, ஜோடி ஒண்ணு இஞ்சின்ல ஓடுது, இன்னொண்ணு எண்ணெய் தடவாம வேணும்னே வீட்டு வாசல்ல கம்பியில கட்டித் தொங்கவிட்டிருக்கேன், வாரம் ஒரு தடவை எடை போட்டுக்கிட்டு வர்றேன்.